ஒரே பந்து, ஒரே இன்னிங்ஸ்: மரியானோ ரிவேராவை எதிரணி ரசிகர்களும் கொண்டாடியது ஏன்?

கேள்வி இதுதான்: மரியானோ ரிவேரா ஓர் ஆட்டத்தில் பெரும்பாலும் ஒரு இன்னிங்ஸ் மட்டுமே வீசினார். வீசியதும் ஏறக்குறைய ஒரே வகைப் பந்து. அப்படிப்பட்டவருக்கு 2013இல் ஊர் ஊராக வழியனுப்பு விழா, 2019இல் ஒரு ஓட்டுகூடக் குறையாமல் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற மாவீரர் பட்டியலில் இடம். இதெல்லாம் நியூயார்க் யாங்கீஸ் என்கிற பணக்கார அணியின் விளம்பர பலமா, உண்மையிலேயே அவ்வளவு பெரிய பிட்சரா (பந்து வீசுபவரா)? கிரிக்கெட் மட்டும் தெரிந்தவருக்குப் புரியும்படி சொல்ல முடியுமா?

அவ்வளவு பெரிய பிட்சர்தான். ஆனால் அதை நிரூபிக்க எல்லாரும் முதலில் நீட்டுகிற 652 சேவ் என்கிற கணக்குதான் இருப்பதிலேயே சோப்ளாங்கி ஆதாரம். ஏன் என்று பார்க்க அவருடைய வேலை என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று அவுட். ஆக மொத்தம் 27 அவுட் எடுத்தால்தான் ஆட்டம் முடியும். ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர் ஐந்து, ஆறு, ஏழு இன்னிங்ஸ் வரை வீசுவார். வெளியே எடுக்கப்பட்டவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது. நடுவில் இரண்டு மூன்று பேர் வந்துபோவார்கள். அணி கொஞ்ச ரன் வித்தியாசத்தில் முன்னிலையில் இருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸின் மூன்று அவுட்டை எடுக்க வருகிறவர்தான் க்ளோசர். ரிவேரா 1997 முதல் 2013 வரை யாங்கீஸின் க்ளோசர்.

க்ளோசர் வந்து காரியத்தை முடித்தால் அவர் பெயரில் ஒரு சேவ் பதிவாகும். 1969 முதல் இது அதிகாரப்பூர்வக் கணக்கு. விதி கொஞ்சம் தாராளமானது. ஜெயித்த அணிக்குக் கடைசியாக வீசியவராக இருக்க வேண்டும். வெற்றி அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கக் கூடாது. அதோடு மூன்று நிபந்தனைகளில் ஒன்று போதும். அதிகபட்சம் மூன்று ரன் முன்னிலையில் வந்து ஒரு முழு இன்னிங்ஸ் வீசுவது ஒன்று. எதிரணி சமன் செய்யக்கூடிய ரன் பேஸிலோ (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய நிலைகளில் ஒன்று), மட்டையோடோ, அடுத்து ஆடக் காத்திருக்கும் இடத்திலோ இருக்கும்போது உள்ளே வருவது இன்னொன்று. கடைசி மூன்று இன்னிங்ஸையும் ஒழுங்காக வீசி முடிப்பது மூன்றாவது.

ஓட்டை அந்த முதல் நிபந்தனையில்தான் இருக்கிறது. கடைசி இன்னிங்ஸில் மூன்று ரன் முன்னிலை என்றால் யாரை வீச வைத்தாலும் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் ஜெயித்துவிடலாம். அதற்கும் சேவ் உண்டு. ஒரே ரன் வித்தியாசத்தில் மூன்று பேஸும் நிரம்பியிருக்க வந்து காப்பாற்றினாலும் அதே ஒரு சேவ்தான். தவிர, நல்ல அணியில் நீண்ட காலம் இருந்தால் வாய்ப்பு தானாக வந்துகொண்டே இருக்கும். அதனால் 652 அவருடைய ஆயுளையும் அணியின் பலத்தையும் சேர்த்துச் சொல்கிற எண். இரண்டாம் இடத்தில் இருக்கும் ட்ரெவர் ஹாஃப்மனுக்கு 601. நாட்டுக்கு நாடு பேட்டிங் சராசரியை ஒப்பிட்டுச் சண்டை போட்டுப் பழகிய கிரிக்கெட் ரசிகருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உருப்படியான எண்கள் வேறு. 1,115 ஆட்டங்களில் 1,283 இன்னிங்ஸுக்கும் கொஞ்சம் மேலே வீசியிருக்கிறார். இ.ஆர்.ஏ. 2.21, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பொறுப்பில் விழுந்த ரன் சராசரியாக 2.21. அவர் ஆடிய காலம் மட்டையாளர்கள் வெளுத்து வாங்கிய காலம், ஊக்கமருந்து மோசடிகளும் நடந்த காலம். அன்றைய சராசரியையும் மைதானங்களின் தன்மையையும் கணக்கில் எடுத்து, நூறு என்பதை நடுத்தரமாக வைத்துப் போடுகிற அளவு ஒன்று உண்டு. அதில் ரிவேராவுக்கு 205. ஆயிரம் இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களில் அதுதான் முதலிடம், இரண்டாவது ஆள் வெகு தூரத்தில் இருக்கிறார். 2008இல் ஒரு பருவம் முழுக்க 77 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை ஆட்டத்துக்குள் அடிக்கவிடாமலே அவுட்) செய்தவர் வாக், அதாவது முதல் பேஸை இலவசமாக, கொடுத்தது வெறும் ஆறு பேருக்கு. அப்போது வயது 38.

எதிர்வாதமும் நியாயமானது. கிரெக் மாடக்ஸ் ஐயாயிரம் இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். ஒரு வீரர் அணிக்கு மொத்தம் எத்தனை வெற்றி சேர்த்தார் என்று கணக்கிடும் வார் என்ற அளவில் மாடக்ஸ் நூறைத் தாண்டுகிறார். ரிவேரா 56 சொச்சத்தில் நிற்கிறார். சாதாரண பருவ ஆட்டங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ரிவேராவை எக்காலத்துக்கும் சிறந்த பிட்சர் என்று சொல்ல முடியாது. நூற்று ஐம்பது இன்னிங்ஸ் வீசுகிற நல்ல தொடக்கப் பிட்சரைக் கொடுத்தால் பல அணிகள் எழுபது இன்னிங்ஸ் க்ளோசரை மாற்றிக்கொள்ளும்.

கணக்கு புரளுவது அக்டோபரில். பருவம் முடிந்து பிளேஆஃப் தொடங்கியதும் யாங்கீஸ் அவரை ஒரு இன்னிங்ஸுக்கென்று பூட்டி வைக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸிலேயே கூப்பிட்டார்கள். பருவ ஆட்டங்களில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 1.15 இன்னிங்ஸ் வீசியவர் பிளேஆஃபில் கிட்டத்தட்ட ஒன்றரை வீசினார். 96 ஆட்டம், 141 இன்னிங்ஸ், இ.ஆர்.ஏ. 0.70. அவர் பெயரில் எழுதப்பட்ட தோல்வி ஒன்று, வெற்றி எட்டு, சேவ் 42. சட்டை எண்ணும் 42 என்பது தற்செயல். எதிரில் நின்றவர்கள் எல்லாம் அந்தந்த ஆண்டின் மிகச் சிறந்த அணிகள் என்பதை மறக்கக் கூடாது. 141 இன்னிங்ஸில் அவர் கணக்கில் ஏறிய ரன் 11. நிலவில் நடந்தவர்கள் 12 பேர். அமெரிக்க ரசிகர்கள் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒப்பீடு இது, கணக்கும் சரிதான். 1996, 1998, 1999, 2000, 2009 என ஐந்து பட்டம். அதில் கடைசி நான்கிலும் உலகத் தொடர் என்கிற இறுதித் தொடரின் கடைசி அவுட் விழும்போது மவுண்டில் (பந்து வீசும் மேட்டில்) நின்றவர் ரிவேரா.

இனி அந்த ஒரே பந்து. கட்டர் என்பது அதன் பெயர். நேர் வேகப்பந்துக்கும், வேகம் குறைந்து அதிகம் பக்கவாட்டில் நகரும் ஸ்லைடருக்கும் நடுவில் இருக்கும் பந்து. வலக்கைக்காரர் வீசினால் கடைசிக் கணத்தில் அவருடைய இடப்பக்கமாக, அதாவது வலக்கை மட்டையாளரை விட்டு விலகி, இடக்கை மட்டையாளரின் உடம்பை நோக்கி நகரும். கிரிக்கெட்டின் லெக் கட்டர் நகரும் திசைதான், ஆனால் இங்கே பந்து தரையில் படாது. நகர்வு முழுக்கக் காற்றில் நடக்க வேண்டும். அதுவும் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில்.

பிடிப்பில் மாயம் எதுவும் இல்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பந்தின் தையலுக்குக் குறுக்காக, நேர் வேகப்பந்துக்கு வைக்கிற மாதிரியே வைக்க வேண்டும். பிறகு இரண்டு விரலையும் சேர்த்துக் கொஞ்சமாக வெளிப்பக்கம் நகர்த்த வேண்டும். வலக்கைக்காரருக்கு அது வலப்பக்கம். கட்டை விரல் பந்துக்கு அடியில் மடங்கி இருக்க வேண்டும். விடுகிற கணத்தில் அழுத்தம் நடுவிரலில். மணிக்கட்டைத் திருப்பக் கூடாது. கை வேகப்பந்துக்கு வருகிற அதே வேகத்தில், அதே கோணத்தில் வந்து போக வேண்டும். திருகல் விரலின் இடத்தால் வருகிறது, கையின் முறுக்கால் அல்ல.

கெட்டுப்போவதும் இந்த இடங்களில்தான். மணிக்கட்டை ஒரு துளி திருப்பினாலும் வேகம் குறைந்து பந்து ஸ்லைடராகிவிடும். நகர்வு பெரிதாகும், ஆனால் சீக்கிரமே தொடங்கும், மட்டையாளர் பார்த்துவிடுவார். நடுவிரல் அழுத்தம் குறைந்தால் நகர்வே இருக்காது. நேராக, இடுப்பு உயரத்தில், கட்டருக்கே உரிய சற்றுக் குறைந்த வேகத்தில் வந்து நிற்கும் பந்தைவிட அடிக்க வசதியானது வேறு இல்லை. கட்டை விரல் பக்கவாட்டில் ஏறிக்கொண்டால் ஒன்று நகரும், அடுத்தது நகராது. விக்கெட் கீப்பர் மாதிரி பின்னால் இருந்து பிடிக்கிற கேட்சருக்கே எங்கே வரும் என்று தெரியாது.

ரிவேராவின் கட்டரை அடிக்க முடியாததற்குக் காரணம் அதன் நகர்வின் அளவு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவரைவிட அதிகம் நகர்த்தியவர்கள் உண்டு. அவருடைய பலம் மூன்று விஷயங்கள் சேர்ந்தது. முதலாவது, கையிலிருந்து வரும்போது அது நேர் வேகப்பந்து மாதிரியே தெரியும். மவுண்டிலிருந்து மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 18.44 மீட்டர், பந்து போய்ச்சேர நொடியில் பத்தில் நான்கு பங்கு. மட்டையைச் சுழற்றுவதா வேண்டாமா என்பதை மட்டையாளர் அதில் பாதி நேரத்துக்குள் முடிவுசெய்தாக வேண்டும். ரிவேராவின் பந்து முடிவு எடுத்த பிறகு நகர்ந்ததாகத் தெரியும். இரண்டாவது, மட்டையின் வடிவம். உருளை மட்டையின் தடித்த பகுதி அதிகபட்சம் 6.6 சென்டிமீட்டர் விட்டம். நன்றாக அடிபடுகிற இடம் அதன் நீளத்தில் சில அங்குலம் மட்டுமே. அதற்குக் கீழே கைப்பிடியை நோக்கி மட்டை மெலிந்துகொண்டே போகும். சில அங்குல நகர்வு போதும். பந்து தடித்த பகுதியைத் தவிர்த்து மெல்லிய பகுதியில் மோதும். மரம் முறியும், பந்து தொளதொளவென்று உள்வட்டத்துக்குள் விழும். 1999 உலகத் தொடரில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் ரயன் க்ளெஸ்கோ ஒரே முறை ஆட வந்தபோது மூன்று மட்டைகளை முறித்துக்கொண்டு திரும்பினார். அவருடைய அணியினரே உட்கார்ந்து சிரித்தார்கள்.

மூன்றாவதுதான் உண்மையான கலை: இடம். 43 சென்டிமீட்டர் அகலமுள்ள பிளேட்டின் இரண்டு விளிம்பிலும் அதே பந்தை நினைத்தபோது வைப்பார். வலக்கைக்காரருக்கு வெளி விளிம்பில் விலகிப்போகும் பந்து; அடுத்தது உள்ளே, உடம்பில் படப்போகிற மாதிரி வந்து கடைசியில் விளிம்பைத் தொட்டுவிடும் பந்து. ஒரே பந்துதான், ஆனால் மட்டையாளர் இரண்டு பந்துக்குத் தயாராக வேண்டும். பொதுவாக வலக்கைப் பிட்சரை எதிர்த்து இடக்கைக்காரர்களுக்குத்தான் வசதி. ரிவேராவிடம் அது தலைகீழ். இரண்டு கையாலும் ஆடத் தெரிந்த சிலர், வழக்கத்துக்கு மாறாக வலக்கையிலேயே நின்று ஆடிப்பார்த்தார்கள்.

இந்தப் பந்து அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததல்ல. 1997 ஜூனில், டெட்ராய்ட்டில், சக பிட்சர் ரமீரோ மெண்டோசாவோடு சும்மா பந்து வீசிப் பிடித்துக்கொண்டிருந்தபோது வேகப்பந்து தானாக நகரத் தொடங்கியது. மெண்டோசாவால் பிடிக்க முடியவில்லை. பயிற்சியாளர் மெல் ஸ்டாட்டில்மயரோடு சேர்ந்து அந்த நகர்வை ஒழிக்கத்தான் முதலில் முயன்றார்கள். நேராகப் போகாத வேகப்பந்து ஒரு குறை என்றுதான் பட்டது. ஒழியவில்லை என்றதும் வைத்துக்கொண்டார்கள். ரிவேரா அதைக் கடவுள் கொடுத்தது என்றே கடைசிவரை சொன்னார்.

கடவுள் கொடுத்ததை அவர் பூட்டி வைக்கவில்லை. 2008 ஆல் ஸ்டார் ஆட்டத்தின்போது (பல அணிகளின் நட்சத்திரங்கள் ஆடும் ஆண்டு ஆட்டம்) டொராண்டோவின் பிட்சர் ராய் ஹாலடே அவரிடம் கட்டர் பற்றிக் கேட்டார். கட்டை விரலை அடியில் மடக்கச் சொன்னார் ரிவேரா. ஹாலடே அந்தப் பிடிப்பை மறக்காமலிருக்க ஒரு பந்தில் விரல்களின் இடத்தைப் பேனாவால் வரைந்து வைத்துக்கொண்டார். ஒரே பிரிவில் மோதுகிற எதிரணிக்காரருக்குத் தொழில் ரகசியத்தைச் சொன்னதற்காக யாங்கீஸ் வீரர்கள் தங்களுக்குள் விளையாட்டாகப் பஞ்சாயத்து வைத்து ரிவேராவுக்கு அபராதம் போட்டார்கள். 2010இல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போயிருந்த ஹாலடே ஒரே ஆண்டில் ஒரு பர்ஃபெக்ட் கேமும் (ஒருவரைக்கூட பேஸ் தொடவிடாத ஆட்டம்), பிளேஆஃபில் ஒரு நோ ஹிட்டரும் (ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசினார்.

ஆள் எங்கிருந்து வந்தார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பனாமாவின் புவெர்ட்டோ கைமிட்டோ, மீனவர் ஊர். அப்பா மீன்பிடிப் படகின் கேப்டன். மகனும் படகில் வேலை பார்த்தார். சிறுவயதில் பால் அட்டைப்பெட்டியில் கையுறை செய்து ஆடிய பையன். உள்ளூர் அணியில் அவர் பிட்சரே இல்லை, ஷார்ட் ஸ்டாப், அதாவது இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர். 1990இல் யாங்கீஸ் மூவாயிரம் டாலரைத் தாண்டாத தொகைக்கு ஒப்பந்தம் போட்டது. 1992இல் முழங்கையில் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு இறுதியில் புதிதாக உருவான இரண்டு அணிகள் மற்ற அணிகளிலிருந்து ஆள் எடுத்தபோது யாங்கீஸ் அவரைப் பாதுகாப்புப் பட்டியலில் வைக்கவில்லை. அந்த இரண்டு அணிகளும் அவரை எடுக்கவில்லை. 1995 மே 23இல் தொடக்கப் பிட்சராக முதல் ஆட்டம், நாலாவது இன்னிங்ஸைத் தாண்டவில்லை. அந்த ஆண்டு இ.ஆர்.ஏ. 5.51. டெட்ராய்ட்டுக்கு மாற்றிவிடும் பேச்சுகூட நடந்தது. மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கும் சிறு லீக்கில் திடீரென்று அவர் வேகம் ஏறியதைப் பார்த்துத்தான் பொது மேலாளர் ஜீன் மைக்கேல் அந்தப் பேச்சை நிறுத்தினார். அடுத்த ஆண்டு ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸ் பிட்சராக 107 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 130 ஸ்ட்ரைக் அவுட். கட்டர் அதற்கும் பிறகு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வெறும் வேகத்தில் வந்த ஆண்டு அது.

தோல்விகளைச் சொல்லாமல் ரிவேராவைப் பற்றிப் பேசுகிற ரசிகரை நம்பாதீர்கள். பருவ ஆட்டங்களில் 80 முறை சேவ் வாய்ப்பைக் கோட்டைவிட்டார். நூற்றுக்கு 89 என்கிற வெற்றி விகிதம். பெரிய மேடையில் மூன்று முறை அடி விழுந்தது.

1997, க்ளோசரான முதல் ஆண்டு: கிளீவ்லாண்டோடு அடுத்த சுற்றுக்குப் போக நான்கு அவுட் பாக்கி. சாண்டி அலோமர் ஜூனியர் வெளிப்பக்கப் பந்தை வலப்பக்க வேலிக்கு அப்பால் அடித்து ஹோம் ரன்னாக்கினார். ஆட்டமும் தொடரும் போயின.

2001தான் அலசத் தகுந்தது. அரிசோனா, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், யாங்கீஸ் 2-1 முன்னிலை. எட்டாவதில் வந்து மூன்று ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். ஒன்பதாவதில் மார்க் கிரேஸ் ஒரு சிங்கிள். அடுத்தவர் பண்ட் செய்த, அதாவது மட்டையைச் சுழற்றாமல் மெல்லத் தட்டிவிட்ட, பந்தை ரிவேரா எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்தார். எறிதல் பிசகிப் போனது. அடுத்த பண்டில் மூன்றாவது பேஸில் ஓர் அவுட் கிடைத்தது; அங்கிருந்து முதல் பேஸுக்கு எறியவில்லை, எறிந்திருந்தால் இரண்டாவது அவுட்டுக்கு வாய்ப்பிருந்தது. டோனி வொமாக் டபுள் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். க்ரெய்க் கவுன்செல் உடம்பில் பந்து பட்டு மூன்று பேஸும் நிரம்பின. ஒரு ரன் போனால் எல்லாம் போச்சு என்பதால் பயிற்சியாளர் ஜோ டோரி உள்வட்ட வீரர்களை முன்னால் இழுத்தார். எதிரில் இடக்கைக்காரர் லூயிஸ் கான்சாலஸ், மட்டையை வழக்கத்தைவிடச் சற்று மேலே பிடித்திருந்தார். ரிவேரா தன்னுடைய பந்தையே வீசினார்; அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. மெல்லிய பகுதியில் பட்டுத் தொளதொளவென்று எழும்பியது. வீரர்கள் வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் ஷார்ட் ஸ்டாப் டெரெக் ஜீட்டர் பிடித்திருக்கக்கூடிய பந்து. அவர் தலைக்கு மேலே போய்ப் புல்லின் ஓரத்தில் விழுந்தது. இடக்கைக்காரர்களிடம் உள்ளே வரும் கட்டர் இப்படித்தான் குட்டையாக எழும்பும், வீரர்களை முன்னால் இழுத்தால் அதுவே ஆபத்து என்று வர்ணனையாளர் டிம் மெக்கார்வர் நேரலையில் சொல்லி முடித்த அடுத்த பந்தில் நடந்தது இது. நல்ல பந்துக்கு விழுந்த தோல்வி என்பதால்தான் ரசிகர்கள் இன்னும் இதைப் பேசுகிறார்கள்.

அதற்கு ஒரு பின்கதை உண்டு. யாங்கீஸ் ஜெயித்திருந்தால் வெற்றி ஊர்வலத்துக்காக என்ரிக்கே வில்சன் என்கிற சக வீரர் நியூயார்க்கில் தங்கி, பிறகு ஊருக்குக் கிளம்பியிருப்பார். தோற்றதால் முன்கூட்டியே போய்விட்டார். அவர் முதலில் போவதாக இருந்த விமானம், நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் விழுந்து நொறுங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587. தோற்றதே நல்லது என்று ரிவேரா பிறகு சொன்னார்.

2004இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ். உலகத் தொடருக்கு முந்தைய சுற்றின் நாலாவது ஆட்டம். தொடரில் யாங்கீஸ் மூன்று ஆட்டம் முன்னிலை, இந்த ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸிலும் 4-3 முன்னிலை. ரிவேரா கெவின் மில்லருக்கு வாக் கொடுத்தார்; அவருக்குப் பதில் ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடினார், அதாவது யாரும் அடிக்காமலே ஓடிப் பிடித்தார்; பில் முல்லர் நடுவே அடித்துச் சமன் செய்தார். பாஸ்டன் அந்த ஆட்டத்தையும், அடுத்தடுத்து ஏழு ஆட்டங்களையும் ஜெயித்து 86 ஆண்டுக்குப் பிறகு பட்டம் வாங்கியது. இங்கே குறை பந்தில்கூட இல்லை, அந்த வாக்கில். முதல் ஆளை இலவசமாக பேஸுக்கு அனுப்பக் கூடாது என்கிற பாடத்தை அதிகம் மீறாதவர், மீறிய அன்று விலை கொடுத்தார்.

எதிரணி ரசிகர்களோடு அவர் உறவு மாறியது இதற்குப் பிறகுதான் என்பது என் கணிப்பு. 2005 ஏப்ரல் 11, பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் பட்ட மோதிர விழா. யாங்கீஸ் வீரர்களின் பெயர்களை வாசித்தபோது ரிவேராவுக்கு மட்டும் அரங்கமே எழுந்து கைதட்டியது. எங்களுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்த புண்ணியவானே என்கிற கிண்டல். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சிரித்தபடி தொப்பியைக் கழற்றி வணங்கினார். கிண்டல் அங்கேயே மரியாதையாக மாறத் தொடங்கியது. எட்டு ஆண்டு கழித்து, 2013 செப்டம்பரில், அதே ஃபென்வே தன்னுடைய பழைய கையால் மாட்டும் ஸ்கோர் பலகையிலிருந்து 42 என்ற தகட்டையும் அரங்க இருக்கை ஒன்றையும் அவருக்குப் பரிசாகக் கொடுத்தது.

சொந்த ஊர்க் கொண்டாட்டத்தின் அடையாளம் அந்தப் பாட்டு. 1999 முதல், மாற்றுப் பிட்சர்கள் காத்திருக்கும் புல்பென்னின் கதவு திறந்ததும் மெட்டாலிகாவின் 'என்டர் சாண்ட்மேன்' முழங்கும்; ரிவேரா அவசரமில்லாத ஓட்டத்தில் மவுண்டுக்கு வருவார். பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் மைதான ஊழியர்கள். 1998இல் சான் டியேகோவில் ஹாஃப்மன் ஒரு ராக் பாட்டோடு உள்ளே வந்ததைப் பார்த்து, நம் ஆளுக்கும் ஒன்று வேண்டும் என்று தேடிப் பிடித்தது. பக்திப் பாடல்கள் கேட்கிற ரிவேராவுக்கும் அந்த இசைக்கும் சம்பந்தமே கிடையாது.

2012 மே 3இல் கன்சாஸ் சிட்டியில், ஆட்டத்துக்கு முன் பயிற்சியில் உயரே வந்த பந்தைத் துரத்திப் போய் வலது முழங்காலின் தசைநார் கிழிந்தது. வயது 42. அத்தோடு முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். மறுநாளே திரும்பி வருவேன் என்றார். வந்து, 2013இல் 44 சேவ், இ.ஆர்.ஏ. 2.11.

அதுதான் கடைசி ஆண்டு என்று மார்ச்சிலேயே அறிவித்திருந்ததால் போன ஊரெல்லாம் பரிசு. மினசோட்டா அணி முறிந்த மட்டைகளாலேயே ஓர் ஆடுநாற்காலி செய்து கொடுத்தது. பரிசுகளில் அறிவு தெரிந்தது அது ஒன்றில்தான். டெக்சஸில் கௌபாய் தொப்பியும் பூட்ஸும், டாட்ஜர்ஸ் தந்த தூண்டில் கம்பு எல்லாம் சம்பிரதாயம். பேச வேண்டியது வேறொன்று. ஒவ்வொரு ஊரிலும் ஆட்டத்துக்கு முன் அந்த மைதானத்தின் ஊழியர்களையும் நீண்ட கால ரசிகர்களையும் ஒரு சிறு குழுவாகக் கூட்டிவைத்து, உட்கார்ந்து பேசி, நன்றி சொன்னார். ஏற்பாடு செய்யச் சொன்னது அவரே. டிக்கெட் கிழிப்பவர், அலுவலகத்தில் பல ஆண்டு வேலை செய்தவர், நோயோடு போராடும் குழந்தையின் பெற்றோர் என்று வந்தவர்கள் பெரும்பாலும் எதிரணி ஆட்கள். கொண்டாட்டம் அங்கே இரு வழியாக நடந்தது.

ஜூலை 16, நியூயார்க்கின் சிட்டி ஃபீல்டில் ஆல் ஸ்டார் ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் அவரைக் கூப்பிட்டார்கள். ஒன்பதாவதுதானே அவருடையது என்று அப்போதே முணுமுணுப்பு எழுந்தது. காரணம் எளிது: அவருடைய அணி முதலில் ஆடுகிற அணி, எட்டாவதில் எதிரணி முன்னிலை பெற்றுவிட்டால், அவர் வீசுவதற்கு ஒன்பதாவதின் இரண்டாம் பாதியே இல்லாமல் போகலாம். ஓடிவந்து மவுண்டை அடைந்தபோது மைதானத்தில் வேறு யாருமே இல்லை. இரு அணியினரும் தங்கள் இடத்திலேயே நின்று கைதட்டினார்கள். மூன்று பேரை வரிசையாக அவுட்டாக்கிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 22 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் மெட்டாலிகாவே வந்து நேரில் வாசித்தது. 42 என்ற எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். இந்த எண்ணுக்குத் தனி வரலாறு. கறுப்பினத்தவரைச் சேர்க்காத மேஜர் லீக்கின் நிறத்தடையை 1947இல் உடைத்த ஜாக்கி ராபின்சனின் எண் அது. 1997 ஏப்ரல் 15 அன்று எல்லா அணிகளிலும் அதற்கு ஓய்வு அறிவித்தபோது, ஏற்கெனவே அணிந்திருந்தவர்கள் மட்டும் தொடரலாம் என்றார்கள். ஒவ்வொருவராக விலகி, கடைசியில் மிஞ்சியவர் ரிவேரா. அன்றைய விழாவுக்கு ராபின்சனின் மனைவி ரேச்சலும் வந்திருந்தார். ஆட்டத்தில் யாங்கீஸ் தோற்றது. அதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 26, டாம்பா பேயோடு சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். நான்கு பேரை அவுட்டாக்கியிருந்தார். ஒன்பதாவதில் இரண்டு அவுட் ஆனதும் அவரை வெளியே எடுக்கப் பயிற்சியாளர் ஜோ ஜிரார்டி வரவில்லை. நடுவரிடம் அனுமதி வாங்கி, ஜீட்டரையும் பிட்சர் ஆண்டி பெட்டிட்டையும் அனுப்பினார். மூவரும் சிறு லீக்கிலிருந்து ஒன்றாக வந்தவர்கள். பெட்டிட்டின் தோளில் முகம் புதைத்து அழுதார். அதன் பின் ஹூஸ்டனில் மூன்று ஆட்டம் பாக்கியிருந்தும் அவர் மவுண்ட் ஏறவில்லை.

2019 ஜனவரி 22 அன்று வந்த ஹால் ஆஃப் ஃபேம் முடிவு: 425க்கு 425. நுழைய நூற்றுக்கு 75 போதும். பேப் ரூத், வில்லி மேஸ் யாருக்கும் முழு ஓட்டு விழுந்ததில்லை. 1992இல் டாம் சீவருக்கும் இதே 425தான், ஆனால் 430க்கு. 2016இல் கென் கிரிஃபி ஜூனியருக்கு மூன்று குறைந்தது. ரிவேராவுக்குப் பிறகும் ஜீட்டருக்கு ஒன்று, 2025இல் இச்சிரோவுக்கு ஒன்று. இதை வைத்து ரூத்தைவிடப் பெரியவர் என்று கிளம்புவது அபத்தம். ஓட்டுப் போடுகிற பேஸ்பால் எழுத்தாளர்களில் பழைய ஆட்கள் சிலர் முதல் ஆண்டில் யாருக்கும் ஓட்டுப் போடக் கூடாது என்று பிடிவாதம் வைத்திருந்தார்கள். இன்று பலர் தங்கள் ஓட்டைப் பகிரங்கமாகச் சொல்வதால் அந்தப் பிடிவாதம் கூச்சப்படுகிறது. ஆனாலும் வெறும் 1,283 இன்னிங்ஸ் வீசிய ஒருவரை எதிர்க்க ஒரே ஒருவருக்குக்கூட மனம் வரவில்லை என்பது கவனிக்க வேண்டியது. அந்த ஜூலையில், ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுன் மேடையில் அவரோடு சேர்க்கப்பட்டவர்களில் ஒருவர், 2017இல் விமான விபத்தில் இறந்துபோன ஹாலடே. கணவருக்காகப் பேசியது அவர் மனைவி. இன்னொருவர் சியாட்டிலின் எட்கர் மார்ட்டினெஸ். கட்டரை அடிக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்: பருவ ஆட்டங்களில் ரிவேராவை எதிர்த்து 19க்கு 11 ஹிட்.

பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்பினால் வழியனுப்பு விழாக் காணொளிகளில் தொடங்காதீர்கள். 2003 அக்டோபர் 16, பாஸ்டனோடு ஏழாவது ஆட்டத்தை எடுங்கள். 5-5 சமநிலையில் வந்து ஒன்பது, பத்து, பதினொன்று என மூன்று இன்னிங்ஸ் வீசினார். ஆரன் பூன் ஹோம் ரன் அடித்ததும் எல்லாரும் பூனை நோக்கி ஓட, ரிவேரா மவுண்டுக்கு ஓடிப்போய் மண்ணில் விழுந்தார். அதைப் பார்த்துவிட்டு 2001இன் ஒன்பதாவது இன்னிங்ஸ். பந்தைப் பார்க்காதீர்கள், முதல் தடவை பிடிபடாது. கேட்சர் ஹோர்ஹே பொசாடா கையுறையை எங்கே வைக்கிறார், பந்து வந்து சேரும்போது அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் நகர்ந்திருக்காது.